மூன்று நிமிடம் பன்னிரண்டு நொடியில் நின்ற பாட்டு

ஒரு பாட்டால் நடந்தவை, நடந்த வரிசையிலேயே:

1. புதுச்சேரியில் ஒரு கடை வாசலில் ஸ்டெல்லா பாதிப் பாட்டைக் கேட்டாள்.
2. சிதம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் அந்தப் பாட்டை நான் டவுன்லோடு செய்தேன்.
3. விடுதி அறையில் நாலு பேர் அதற்கு அர்த்தம் சொல்ல ஆரம்பித்தோம்.
4. பதினோரு காரணங்கள் எழுதி, என் அர்த்தமே சரி என்று நான் நிரூபித்தேன்.
5. ஸ்டெல்லா எழுந்து போனாள்.
6. ஐந்தாறு வருடம் கழித்து, நாங்கள் கேட்டது முழுப் பாட்டே இல்லை என்று தெரிந்தது.
7. அதை அவளிடம் சொல்ல, ஓர் அச்சகம் வரை போகவேண்டியிருந்தது.

வரிசை எண் போடாமல் உனக்கு எழுதவே வராதா என்று இந்தத் தொடரின் போன வாரப் பகுதியைப் படித்த என் அண்ணி கேட்டார். வரும். ஆனால் எண் போட்டுவிட்டால் எங்கே தப்புச் செய்தோம் என்று விரல் வைத்துக் காட்டலாம். இந்தக் கதையில் என் தப்பு இரண்டாவது எண்ணில் இருக்கிறது. அது நாலாவதில் மட்டும்தான் இருக்கிறது என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஈரத் தலையும் இரண்டு ஸ்பீக்கரும்

இரண்டாம் ஆண்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அண்ணாமலை நகரில் எங்கள் விடுதியில் ஞாயிறு என்றால் எண்ணெய்க் குளியல். தாழ்வாரம் முழுக்கச் சீயக்காய் வாசனை. நாங்கள் நாலு பேரும் ஈரத் தலையை விரித்துப் போட்டபடி ஜோதியின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

ஜோதி வடலூர்க்காரி. வீட்டில் எல்லாருமே வள்ளலார் வழி. மானிட்டருக்குப் பூப்போட்ட உறை தைத்திருந்தாள். அதைக் கழற்றி நாலாக மடித்து வைத்த பிறகுதான் சுவிட்சில் கை வைப்பாள்.

அமுதா திட்டக்குடி. வீட்டில் கரும்பு, மாடு, மூன்று அண்ணன்கள். எதையும் சுற்றிவளைக்காமல் கேட்பாள்.

ஸ்டெல்லா கடலூர் ஓ.டி., அதாவது ஓல்டு டவுன். அம்மா பள்ளிக்கூட டீச்சர். நானும் கடலூர்தான், ஆனால் திருப்பாப்புலியூர். இரண்டுக்கும் நடுவில் டவுன் பஸ்ஸில் கால் மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் அவர்கள் தெருவில் நடப்பது எங்கள் தெருவுக்குத் தெரியாமல் இருக்க அந்தத் தூரம் போதும்.

பாட்டு ஸ்டெல்லாவுடையது. சித்தி வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, புதுச்சேரியில் ஒரு கடையில் அது ஓடிக்கொண்டிருந்ததாம். பாதியில் பஸ் வந்துவிட்டது. ஒரே ஒரு வரியை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு ஏறிவிட்டாள். அந்தக் கையைத் திங்கட்கிழமை வரை ஒழுங்காகக் கழுவவில்லை.

நெட் சமாச்சாரம் எல்லாம் என் பொறுப்பு. சிதம்பரம் மேல வீதியில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய் அந்த ஆங்கில வரியை அடித்துத் தேடினேன். பாட்டின் வரிகள் எங்கேயும் கிடைக்கவில்லை. யாரோ ஒரு ரசிகரின் பக்கத்தில் பாட்டு மட்டும் கிடைத்தது. சிடியில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

அமெரிக்கக் கிராமத்து வாசனை அடிக்கிற ராக் பாட்டு. முதலில் கிடார் தனியாக வரும், தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி. அப்புறம் மவுத் ஆர்கன். பாடுகிறவர் பாதி வாயாலும் பாதி மூக்காலும் பாடினார். டிரம்ஸ் சேர்ந்ததும் ஸ்பீக்கர் மேல் இருந்த சீப்பு மெதுவாக நகர ஆரம்பித்தது. அமுதா அதைப் பிடித்துக்கொண்டே மீதிப் பாட்டைக் கேட்டாள்.

பாட்டில் நடப்பது

நிறுத்தி நிறுத்திக் கேட்டு வரிகளை எழுதி முடிக்க மூன்று ஞாயிறு பிடித்தது. கதை இவ்வளவுதான்.

ஒருவன் விடிந்தும் விடியாமலும் தன் பழைய லாரியைக் கிளப்புகிறான். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. வேலிக்குள் மாடுகள் நிற்கின்றன. கேட்டைத் திறந்து வண்டியை வெளியே எடுத்து, அப்படியே போய்விடுகிறான். கேட்டைத் திறந்தே விட்டு வந்தேன் என்பதுதான் பல்லவி. இரண்டாவது சரணத்தில் ஊர் ஊராகப் போகிறான், ரேடியோ கரகரக்கிறது. மூன்றாவதில் ஓர் ஆற்றுப் பாலம் வருகிறது. பாலத்துக்கு இந்தப் பக்கமே வண்டியை நிறுத்துகிறான். எஞ்சினை அணைக்கிறான். கதவைத் திறந்து இறங்குகிறான்.

கிடார் கம்பி அதிர்ந்துகொண்டிருக்கும்போதே பாட்டு சட்டென்று நின்றுவிடும். மூன்று நிமிடம் பன்னிரண்டு நொடி.

முதல் தடவை கேட்டு முடித்ததும் அமுதா சீப்பைத் திரும்ப ஸ்பீக்கர் மேல் வைத்தாள்.

“என்னா முடிவுடி!” என்றாள் ஜோதி. “நம்ம ஊர்ல எவனுக்காவது இப்படி நிறுத்தத் தைரியம் வருமா?”

வராது என்று நாங்களும் ஒத்துக்கொண்டோம். நம் ஆட்கள் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லிவிடுகிறார்கள் என்று நான் ஒரு சின்னச் சொற்பொழிவே நிகழ்த்தினேன்.

நாலு பேர், நாலு அர்த்தம்

ஜோதியின் அர்த்தம் அன்றைக்கே தயாராகிவிட்டது.

“லாரிதான் ஒடம்பு. ஓட்டறவன் உயிரு. எஞ்சின அணைக்கறான் பாரு, அதான் மூச்சு அடங்கறது. பாட்டே நின்னுடுது பாரு, அதான் சும்மா இருக்கற நெல.”

“அப்ப ரேடியோ?” என்றாள் அமுதா.

“அது மனசு. எப்பவும் கரகரன்னு.”

சிரித்தோம். ஆனால் அந்த ரேடியோ விளக்கம் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறதே என்று எனக்கு உள்ளூர எரிச்சல்.

அமுதாவுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். “மாடு என்னாடி ஆச்சு?”

“எந்த மாடு?”

“மொத சரணத்துல நிக்குதே, அந்த மாடு. கேட்டத் தொறந்து போட்டுட்டு இவன் பாட்டுக்குப் போயிட்டான். இந்நேரம் பக்கத்துக் கொல்லையில பூந்து மேஞ்சிருக்கும். ஊரே கூடியிருக்கும்.”

“அமுதா, அது மாடு இல்ல,” என்றேன் பொறுமையாக. “அது ஒரு குறியீடு.”

“எங்க வீட்டுக் குறியீட்ட ரெண்டு தடவ பட்டியில புடிச்சி அடச்சிட்டாங்க. எங்கப்பாதான் போயி மீட்டுக்கினு வந்தாரு.”

ஸ்டெல்லா காரணம் எதுவும் சொல்லவில்லை. “அவன் திரும்பிடுவான்,” என்றாள். “திரும்பி வரணும்னுதான் கேட்டத் தொறந்து வச்சிட்டுப் போறான். இதுல பேசறதுக்கு என்னா இருக்கு?”

திரும்பமாட்டான் என்றேன் நான்.

இந்தச் சண்டை எங்கள் அறையோடு நிற்கவில்லை. பக்கத்து அறைப் பெண்கள் வந்து கேட்டார்கள், அவர்கள் சொல்லி மாடிக்காரர்கள் வந்தார்கள். ஒரு மாதத்தில் அந்தத் தாழ்வாரத்தில் திரும்புவான் கட்சி, திரும்பமாட்டான் கட்சி என்று இரண்டு அணிகள். பாலம் எப்படி இருக்கும் என்பதில்கூட ஒற்றுமை கிடையாது. எனக்கு அது கெடிலம் பாலம். அமுதாவுக்கு வெள்ளாற்றுப் பாலம், கீழே தண்ணீரே இல்லாமல். ஸ்டெல்லா மட்டும் எந்தப் பாலம் என்று சொல்லவில்லை.

மெஸ்ஸில் பரிமாறுகிற அக்கா ஒருநாள் என் தட்டில் சாதத்தைப் போட்டுவிட்டு, முகத்தில் நிஜமான கவலையோடு கேட்டார்: “ஏம்மா, அந்த லாரிக்காரரு வந்துட்டாரா? வூட்ல சொல்லாமப் போனாருன்னு பேசிக்கினாங்களே, யாரோட அப்பா?”

யாரோட அப்பாவும் இல்லைக்கா, பாட்டுக்கா என்று சொல்லிச் சிரித்துவிட்டு வந்தேன். ஸ்டெல்லா எனக்குப் பின்னால் வரிசையில் நின்றிருந்தாள்.

ரெக்கார்டு நோட்டு

இழுத்துக்கொண்டே போனதை முடித்துவைக்கலாம் என்று நினைத்தது நான்தான். ஒரு சனிக்கிழமை மத்தியானம் எங்கள் அறையில் கருத்தரங்கம். லேப் ரெக்கார்டு எழுதுகிற முறையிலேயே எழுதினேன். நோக்கம்: பாட்டின் பொருளைக் கண்டறிதல். தேவையான கருவிகள்: கம்ப்யூட்டர், ஸ்பீக்கர் இரண்டு, சிடி ஒன்று. செய்முறை. கண்டவை. முடிவு. பென்சிலால் பாலத்தின் படம்கூட வரைந்து பாகங்களைக் குறித்திருந்தேன்.

பத்துப் பன்னிரண்டு பேர் கட்டில் மேலும் தரையிலுமாக உட்கார்ந்திருந்தார்கள். பதினோரு காரணங்களையும் எழுந்து நின்று படித்தேன். எல்லாவற்றையும் இங்கே சொல்லிப் பக்கத்தை அடைக்கப்போவதில்லை. நான்காவது: இரண்டாவது சரணம் முழுக்க அவன் ஒரு தடவைகூடப் பின்னால் பார்க்கவில்லை. ஒன்பதாவது: வண்டியைத் திருப்ப நினைப்பவன் எஞ்சினை அணைக்கமாட்டான். பதினோராவதுதான் எனக்குப் பிடித்தது: பாட்டு அங்கேயே முடிகிறது, திரும்பியிருந்தால் பாடகர் அதைப் பாடியிருப்பார், கண்டவற்றில் இல்லாததை முடிவில் எழுதக் கூடாது.

பிறகு முடிவையும் படித்தேன். “வீட்டில் சொல்லாமல் போனவன் திரும்பி வருவதில்லை. இருப்பவர்கள் கேட்டை மூடிவிட்டு வேலையைப் பார்க்கலாம்.”

கைதட்டினார்கள். திரும்புவான் கட்சியிலிருந்துகூட ஓரிருவர் தட்டினார்கள்.

ஸ்டெல்லா எழுந்தாள். கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, குளிக்கப் போகிறவள் மாதிரி வெளியே போனாள். காலையிலேயே குளித்திருந்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு அமுதா என்னை ஜன்னல் ஓரமாக இழுத்தாள்.

“ஏண்டி, நீயும் கடலூருதான? அவுங்க அப்பா விஷயம் தெரியாதா ஒனக்கு?”

தெரியாது. ஸ்டெல்லா எட்டாவது படிக்கும்போது, கப்பலில் மெக்கானிக் வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லி மும்பைக்குப் போனாராம். இரண்டு கிறிஸ்துமஸுக்குக் கடிதம் வந்ததாம். பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் வருமாம். பூத்துக்காரர் வந்து கூப்பிடுவாராம். அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. வேறு ஊரில் வேறு குடும்பம் இருப்பதாக யாரோ பார்த்துவந்து சொன்னார்களாம்.

“இன்னும் அப்ளிகேஷன் ஃபாரத்துல அப்பா தொழிலுங்கற எடத்துல ‘கப்பல்’னுதாண்டி எழுதறா,” என்றாள் அமுதா. “நீ என்னாடான்னா பென்சில்ல படம் வரைஞ்சி காட்டற.”

நாங்கள் ஒரு மாதமாக விளையாடிக்கொண்டிருந்த கேள்வியை ஸ்டெல்லா ஆறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்கு நான் பதில் எழுதி, எண்ணும் போட்டு, கைதட்டலும் வாங்கிவிட்டேன்.

மன்னிப்புக்குப் பதிலாகச் செய்தவை

1. அந்த நோட்டிலிருந்து பக்கங்களைக் கிழித்தேன்.
2. ஒரு வாரம், காலையில் குழாயடி வரிசையில் நின்று ஸ்டெல்லாவின் பக்கெட்டிலும் தண்ணீர் பிடித்து வைத்தேன்.

செய்யாதது ஒன்றுதான். வாயைத் திறந்து கேட்கவில்லை.

ஏழாவது நாள் அவள் பக்கெட்டை என் கையிலிருந்து வாங்கினாள். “என்னா ஆச்சு ஒனக்கு? எனக்குக் கை இல்லையா? விடு.”

விட்டுவிட்டேன். சேர்ந்துதான் சாப்பிட்டோம், சேர்ந்துதான் கடைசி வருஷ பிராஜெக்ட் செய்தோம். அந்தப் பாட்டு மட்டும் எங்கள் அறையில் பிறகு ஒலிக்கவில்லை. ஜோதி சிடியை உறைக்குள் போட்டு, உறையைப் பாடப் புத்தகத்துக்குள் வைத்து, புத்தகத்தைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டாள்.

எழுபத்தொன்பது

படிப்பு முடிந்து சென்னையில் வேலை கிடைத்தது. சாஃப்ட்வேர் சோதிக்கிற வேலை. எது கடைசிவரை ஓடாமல் பாதியில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், என்ன தோன்றியதோ, அந்தப் பல்லவி வரியை அடித்துத் தேடினேன். பாட்டு உடனே வந்தது. இயர்போனை மாட்டிக்கொண்டு தயிர் சாதம் சாப்பிட்டபடி கேட்டேன். லாரி, கேட், ரேடியோ, பாலம். இறங்கினான். நான் ஸ்பூனை வைத்துவிட்டு டப்பாவை மூடினேன்.

பாட்டு நிற்கவில்லை.

திரையைப் பார்த்தேன். நீளம் நாலு நிமிடம் மூன்று நொடி. எனக்குப் பழக்கதோஷம், கணக்குப் போட்டுவிட்டேன். நூற்றுத்தொண்ணூற்று இரண்டை இருநூற்று நாற்பத்து மூன்றால் வகுத்தால் புள்ளி எழுபத்தொன்பது.

எழுபத்தொன்பது என்றதும் மேல வீதி பிரவுசிங் சென்டர் அப்படியே கண் முன்னால் வந்தது. பச்சைத் திரைச்சீலை, வேர்வை வாசனை, விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்த கடைக்காரர். டவுன்லோடு எழுபத்தொன்பது சதவீதத்தில் நின்றது. நெட் போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தால் ஆறு மணிக்குள் விடுதிக்குத் திரும்ப முடியாது. கடைக்காரர் எட்டிப் பார்த்து, “பாடுதா பாரும்மா” என்றார். போட்டுப் பார்த்தேன். பாடியது. “பாடுதுல்ல? அப்ப சரி” என்றார். நானும் அப்ப சரி என்று சிடியில் ஏற்றிவிட்டேன்.

பாதிப் பாட்டைக் கொண்டுவந்தவளும் நான்தான். பாட்டு அங்கேயே முடிகிறது, கண்டவற்றில் இல்லாததை எழுதக் கூடாது என்று பேசியவளும் நான்தான்.

மீதி ஐம்பத்தோரு நொடியில் நடப்பது இது. பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு டெலிபோன் பூத் இருக்கிறது. அதற்காகத்தான் இறங்குகிறான். வீட்டுக்குப் போன் போடுகிறான். மணி அடிக்கிறது, பாட்டிலேயே நிஜமான மணிச் சத்தம், வெகுநேரம். யாரோ எடுக்கிறார்கள். கேட்டைத் திறந்து போட்டுவிட்டு வந்துவிட்டேன், மாடு போய்விடும், கொஞ்சம் மூடிவிடு என்கிறான். அப்புறம் கிடார். பாலத்தைத் தாண்டினானா, திரும்பினானா, பாட்டில் இல்லை.

பாட்டுக்குக் கீழே உலகம் முழுவதிலுமிருந்து ரசிகர்கள் அர்த்தம் எழுதியிருந்தார்கள். கேட் என்பது கல்யாணம் என்றார் ஒருவர். போருக்குப் போன தலைமுறை என்றார் இன்னொருவர். ஒருவர் பதினான்கு காரணங்கள் எண் போட்டு எழுதியிருந்தார். அவர் மேல் எனக்கு இரக்கமாக இருந்தது. மாட்டைப் பற்றி யாருமே பேசவில்லை. அமுதாவின் பெயரில் ஒரு வரி எழுதினேன்: அவன் போன் செய்தது மாட்டுக்காகவே இருக்கக் கூடாதா? மறுநாள் ஒருவர் பதில் போட்டிருந்தார். தான் பண்ணையில் வளர்ந்தவர் என்றும், இதை யாராவது சொல்லமாட்டார்களா என்று பல வருடமாகக் காத்திருந்ததாகவும்.

அமுதாவுக்குப் போன் செய்து சொன்னேன். “நான் அன்னிக்கே சொல்லல?” என்றாள். அரை மணி நேரத்தில் ஏழெட்டுத் தடவை சொன்னாள். ஜோதி முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு, அந்த மணிச் சத்தம்தான் அருள் என்றாள்.

ஸ்டெல்லாவிடம் மட்டும் சொல்லவில்லை. அந்த மாதம்தான் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அந்த மாதம்தான் அவள் அப்பா போன் செய்ய ஆரம்பித்திருந்தார்.

அச்சகம்

கல்யாணச் செய்தியை யார் சொல்லித் தெரிந்துகொண்டாரோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா வீட்டு லேண்ட்லைனில் கூப்பிட்டாராம். அம்மா எடுத்தார். இரண்டொரு வார்த்தை பேசிவிட்டு, அவர் கேட்டதைச் சொல்லி ரிசீவரை ஸ்டெல்லாவிடம் நீட்டினார். ஸ்டெல்லா வாங்கி, காதில் வைக்காமல் போனின் மேலேயே வைத்துவிட்டாள். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் மாதா கோயிலில் பூசை முடிந்து வருகிற நேரத்துக்கு அந்தப் போன் அடிக்கும். அது ஓய்கிறவரை அம்மாவும் மகளும் ஆளுக்கொரு வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

“மொத போன்ல என்னா சொன்னாராம்?” என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்ல, விடு,” என்றாள்.

பத்திரிகை அடிக்கத் திருப்பாப்புலியூர் அச்சகத்துக்கு என்னையும் கூப்பிட்டாள். பிழை திருத்த நீதான் லாயக்கு என்றாள். விடுப்பு போட்டுவிட்டு வந்தேன். அச்சகக்காரர் மாதிரிப் பத்திரிகை ஆல்பத்தை எங்கள் மடியில் வைத்துவிட்டு, ஸ்டெல்லா எழுதிக் கொண்டுவந்த தாளைப் படித்தார்.

இடது பக்கம் அப்பா பெயர், அம்மா பெயர். அப்பா பெயர் மேல் பென்சில் கோடு.

போன ஞாயிறுதான் கோயிலில் முதல் ஓலை வாசித்திருந்தார்கள். இன்னார் மகனும் இன்னார் மகளும் திருமணம் செய்யவிருக்கிறார்கள், தடை இருந்தால் சொல்லலாம் என்று பூசையில் அறிவிப்பதைத்தான் ஓலை என்பது. கோயில் பதிவேட்டில் உள்ளபடி சாமியார் அவள் அப்பா பெயரையும் சேர்த்து மைக்கில் வாசித்தார். முன் வரிசையில் நாலு தலை திரும்பியதாம்.

“பாப்பா, அப்பா பேர அடிச்சிருக்கீங்களே,” என்றார் அச்சகக்காரர் தணிந்த குரலில். “காலமாயிட்டாருன்னா சொல்லுங்க, மறைந்தன்னு போட்டுடலாம்.”

“உயிரோடதாண்ணே இருக்காரு. போன வாரங்கூட போன் பண்ணாரு.”

“அப்பறம்?”

“அதான் யோசிக்கறோம்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் ஆல்பத்தைப் பார்த்தேன். யோசித்துவிட்டு வாங்க என்று உள்ளே மிஷின் பக்கம் போய்விட்டார்.

இப்போது சொல்லாவிட்டால் அப்புறம் சொல்லவே முடியாது என்று தோன்றியது. சொன்னால் ஒரு பாட்டை வைத்து இரண்டாவது தடவையும் அவள் விஷயத்தில் தலையிடுவதாகிவிடும். அதுவும் தோன்றியது. மாறி மாறி யோசித்தேன். கடைசியில் யோசித்து முடிக்காமலே சொன்னேன்.

“ஸ்டெல்லா, அந்தப் பாட்டு...”

“எந்தப் பாட்டு?”

“லாரி.”

“ஏண்டி, பத்திரிக அடிக்க வந்த எடத்துல லாரியா?”

“அது முழுப் பாட்டு இல்ல. நான் டவுன்லோடு பண்ணப்ப நெட்டு கட்டாயிடுச்சி. கடக்காரரு பாடுதுல்ல, அப்ப சரின்னாரு. பாதி நின்னதையே கொண்டாந்துட்டேன். இன்னும் அம்பத்தோரு செகண்டு இருக்கு.”

ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். ஆல்பம் மடியிலிருந்து சரிந்து விழுகிற அளவுக்கு.

“பதினோரு பாயிண்டு?”

“தப்பு.”

“பதினொண்ணுமா?”

“பதினொண்ணாவது ரொம்பத் தப்பு. ஸ்டெல்லா, அன்னிக்கு நான் அப்படிப் படிச்சதுக்கு...”

“அதுக்குத்தான் ஏழு நாளு தண்ணி புடிச்சியே,” என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “போடு, கேப்போம்.”

என் செல்போனில் பாட்டைப் போட்டு, இயர்போனை ஆளுக்கு ஒரு காதில் வைத்துக்கொண்டோம். இன்னொரு காதில் மிஷின் ஓடுகிற சத்தம். ஆல்பத்தை எடுத்து ஒவ்வொரு பத்திரிகையாகத் திருப்பிக்கொண்டே கேட்டாள். பாலம் வந்தது. இறங்கினான். போன் மணி அடிக்க ஆரம்பித்ததும் அவள் விரல் ஒரு ரோஜாப்பூ போட்ட பத்திரிகை மேல் அப்படியே நின்றது.

“எடுக்கறாளா?”

“கேளு.”

கேட்டாள். கிடார் ஓய்ந்தது.

“அவ என்னா சொன்னா?”

“அது பாட்டுல இல்ல.”

“திரும்பறானா?”

“அதுவும் இல்ல.”

“அப்பறம் எதுக்குடா இவ்ளோ நேரம் பாடன?” என்று போனைப் பார்த்துக் கேட்டாள். இயர்போனைக் கழற்றி விரலில் சுற்றினாள். “சாரி கூடக் கேக்கல பாரு. மாட்டப் பத்திப் பேசறான்.”

“ஆமா.”

கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

“எங்கப்பா மொத போன்ல எங்கம்மாகிட்ட என்னா கேட்டாரு தெரியுமா?” என்றாள். “பத்து வருஷம் கழிச்சிப் போன் பண்ற ஆளு. கெணத்து மோட்டாரு இன்னும் அதே மோட்டாரான்னு கேட்டாராம். சத்தம் போட்டா பேரிங்கப் பாக்கச் சொல்லுன்னாராம். அதக் கேட்டுட்டுதான் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். போன வச்சிட்டேன்.”

அவள் மடியிலிருந்த ஆல்பத்தை வாங்கி மூடி வைத்தேன்.

“அண்ணே, ரப்பர் இருக்கா?” என்று உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

கொண்டுவந்து கொடுத்தார். பென்சில் கோட்டை நிதானமாக அழித்தாள். பெயரோடு சேர்த்துக் கொஞ்சம் அழிந்துவிட்டது. பேனாவை வாங்கி அதன் மேலேயே திரும்ப எழுதினாள்.

“எடது பக்கம் காலியா இருந்துச்சி,” என்றாள் என்னிடம். “பாக்க நல்லால்ல. அதான். வேற ஒண்ணும் நெனச்சிக்காத.”

“நெனைக்கல.”

“நோட்டுல எழுதிடாத.”

“மாட்டேன்.”

புரூஃப் வந்ததும் திருத்தச் சொல்லி என்னிடம் தள்ளினாள். “கடைசி வரி வரைக்கும் இருக்கான்னு பாத்துட்டுக் குடு. பாடுதுல்ல, சரின்னு குடுத்துடாத.”

இரண்டு தடவை பார்த்தேன். தேதியில் ஒரு தப்பு இருந்தது.

இன்றைய நிலவரம்

பாட்டின் நீளம் நாலு நிமிடம் மூன்று நொடி. ஜோதிக்கு லாரி இன்னும் உடம்புதான். அமுதா அதைக் கேட்கும்போதெல்லாம் மாடு பிழைத்தது என்கிறாள். என்னிடம் இப்போது அர்த்தம் எதுவும் கையிருப்பில் இல்லை.

கல்யாணம் நடந்தது. கோயிலில் ஸ்டெல்லாவைக் கைப்பிடித்து அழைத்துப் போனவர் அவள் அம்மா. அப்பாவுக்குப் பத்திரிகை அனுப்பவில்லை, அவரும் வரவில்லை. அவர் பெயர் பத்திரிகையில் மட்டும் இருந்தது.

அச்சகத்துக்குப் போய்வந்த அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தபோது ஸ்டெல்லா எடுத்தாள். பழைய மோட்டார் போய்விட்டது, இப்போது இருப்பது ஒன்றரை ஹெச்.பி. என்று சொன்னாள். ஒன்றரை போதும் என்றாராம். வேறெதுவும் பேசவில்லை.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுகிறார், அவள் செல்போனுக்கு. ஊருக்கு வருவதாகச் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. இரண்டு நிமிடம் பேசுகிறார்கள். அவள் எடுக்கிறாள்.